மூன்றாவது மெஷினுக்குப் பத்துக்கு ஒன்று!

"...ஆமென்!"

ஐந்து பேர் கண்ணைத் திறந்தார்கள்.

ஆறாவது ஆள் திறக்கவில்லை!

முசேகேசே விதைக் கம்பெனியின் மேனேஜிங் டைரக்டர் கசோண்டே, கன்னத்தை மேஜைமேல் வைத்துக் கிடந்தார். வாயோரம் வெள்ளையாய் நுரை. கவிழ்ந்த கோப்பையிலிருந்து தேநீர் மேஜை விளிம்பு வரை ஓடி, சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்... சொட்... சொட்...

மேஜை நடுவில் மூன்று ஸ்பீக்கர்போன்கள் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு சமர்த்தாய் உட்கார்ந்திருந்தன.

"தூங்கிட்டாரா?" என்றார் ஒரு மேனேஜர்.

"ஜெபத்துல தூங்கறது நீயும் நானும்தான்யா. அவர் டீ குடிப்பார்!" என்றார் இன்னொரு மேனேஜர்.

தேநீர் ஊற்றும் பானா கோம்பே கிட்டே வந்தாள். கோம்பே என்பவனின் அம்மா, அதனால் பானா கோம்பே. சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும். குனிந்து முதலாளியின் முகத்தைப் பார்த்தாள்.

அலறினாள்!

அந்த அலறல் தலைநகர் லுசாக்காவின் லுமும்பா ரோட்டில் கிளம்பி, கஃபுவே ஆற்றில் தூங்கிக்கொண்டிருந்த நீர்யானைகளைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. நாற்பத்தைந்து கிலோமீட்டர்! ஒரு கிலோமீட்டர்கூடக் குறையாது.

* * *

பதினைந்து நிமிடம் முன்னால் அந்த அறையில் நடந்தது இது.

கம்பெனிக்குத் தலை லுசாக்காவில். கைகால்கள் சிபாட்டா, கசாமா, மோங்கு என்று மூன்று ஊர்களில். புதன்கிழமை பத்து மணிக்கு எல்லாக் கிளைகளோடும் போனில் மீட்டிங். இதுவரை கசோண்டேயின் கைபேசியை ஒரு எனாமல் கிண்ணத்துக்குள் போட்டுவிடுவார்கள். கிண்ணம் சத்தத்தைப் பெருக்கும். ஐந்து தலைகள் கிண்ணத்தின் மேல் கவிழ்ந்து கத்தும். ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்களுக்கு, ஐந்து பேரும் ஒரே கிண்ணத்தில் வாந்தியெடுப்பது போலிருக்கும்!

போன வாரம் கிண்ணத்தில் யாரோ மிச்சம் வைத்த சோளக் கஞ்சி இருந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. கைபேசி கஞ்சியில் மூழ்கி உயிரை விட்டது.

அன்றைக்கே உத்தரவு பிறந்தது. வயர் இல்லாத ஸ்பீக்கர்போன் ஒன்று வாங்க வேண்டும்!

வாங்குவது கொள்முதல் அதிகாரி நலிஷெபோவின் வேலை. நாற்பத்தாறு வயது. போன வருடம் புருஷனைப் பறிகொடுத்தவள். மூன்று கடையிலிருந்து மூன்று விலைப்பட்டியல், மூன்று மாதிரி, மூன்று கிளைகளின் மதிப்பெண் ஃபாரம்... இவை இல்லாமல் அந்தக் கம்பெனியில் ஒரு குண்டூசிகூட வாங்க முடியாது.

"மொதல் மெஷின், சார்." கறுப்பாய், வட்டமாய் ஒன்றைத் தட்டினாள். "விலை ஜாஸ்தி. மனுஷக் குரலை மட்டும் அனுப்பும். மத்த சத்தத்தை எல்லாம் வடிகட்டிடும். கிட்டப் பேசினாலும் எட்டப் பேசினாலும் ஒரே அளவா கேக்கும்."

"பாட்டரி?" என்றார் கசோண்டே.

"இருபத்துநாலு மணி நேரம்னு டப்பாவுல போட்டிருக்கு."

"டப்பாவுல நம்ம விதைக்குக்கூடத்தான் ஏக்கருக்கு நாற்பது மூட்டைன்னு போட்டிருக்கு! அடுத்தது?"

"ரெண்டாவது. ஆறு மைக்கு. ஆனா கனம். செங்கல்லு மாதிரி." மூன்றாவதைக் கையில் எடுத்தாள். சிவப்பு நிறம். எண்ணெயில் பொரித்த விடும்புவா உருண்டை அளவுதான் இருந்தது. "இது சல்லிசு. வடிகட்டல் எதுவும் கெடையாது. ஈ பறந்தாலும் அந்தப் பக்கம் கேக்கும்."

"எவன் வாங்குவான் இதை?"

"யாரும் வாங்க மாட்டாங்க சார். மூணு காட்டணும்கிறதுக்காகக் கொண்டாந்தேன்."

"டெஸ்ட் பண்ணிட்டியா?"

"இனிமேதான். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கிளை. மொதல் மெஷின் சிபாட்டா, ரெண்டாவது கசாமா, மூணாவது மோங்கு."

கசோண்டே துணை டைரக்டர் சிவாலே பக்கம் திரும்பினார். சிவாலே வாரத்தில் ஐந்து நாள் விதை விற்பவர், ஆறாவது நாள் பிரசங்கம் பண்ணுபவர். எந்த மீட்டிங்கும் அவர் ஜெபத்தில்தான் தொடங்கும். அவர் கண்ணை மூடினால் பதினோரு நிமிடத்துக்குத் திறக்கமாட்டார்!

"தனியா எதுக்கு டெஸ்டு? நம்ம சிவாலே ஜெபத்தையே மூணு ஊருக்கும் அனுப்பு. அதைத் தாங்குற மெஷின் எதையும் தாங்கும்!"

மேனேஜர்கள் சிரித்தார்கள். சிவாலே சிரிக்கவில்லை.

நலிஷெபோ மூன்று கைபேசிகளில் எதையோ அழுத்தினாள். மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன. "மூணு கிளையும் லைன்ல இருக்காங்க சார். ஜெபத்துக்கு மரியாதையா அவங்க பக்கத்தை மியூட் பண்ணிட்டாங்க."

சிவாலே எழுந்து நின்றார்.

கண்கள் மூடின.

"ஆண்டவரே! இந்த மூன்று மெஷின்களையும் உம் பாதத்தில் வைக்கிறோம்! இவற்றின் பாட்டரியை ஆசீர்வதியும்! இவற்றின் மைக்குகளைத் திறந்தருளும்! மின்சாரம் இல்லாத இந்தத் தேசத்தில், சார்ஜ் இறங்காத மெஷினை எங்களுக்குக் காட்டும்..."

பதினோரு நிமிடமும் மெஷினுக்காகவே ஜெபம்! பட்டனுக்குத் தனியாக ஒரு நிமிடம்!

அந்தப் பதினோரு நிமிடத்துக்குள் யாரோ ஒருவர் முதலாளியின் தேநீரில் விஷம் கலந்தார்.

* * *

இன்ஸ்பெக்டர் ஹாபென்சு பதினொன்றரை மணிக்கு வந்தார். பெரிய தொப்பை. அதைவிடப் பெரிய சலிப்பு. ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. கூடவே கான்ஸ்டபிள் ஜெரே.

அக்டோபர் வெயில் கூரையைப் பிளந்துகொண்டிருந்தது. காலை ஆறு மணியிலிருந்து மின்சாரம் இல்லை. அறைக்குள் அவித்த கிழங்கு போல எல்லோரும் ஆவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாராவது எதையாவது பாத்தீங்களா?"

"கண்ணை மூடியிருந்தோம் சார்."

"அஞ்சு பேருமா?"

"ஜெபம் சார்!"

"ஒருத்தராவது ஓரக்கண்ணால..."

"இன்ஸ்பெக்டர் சார்!" பானா கோம்பே மார்பில் கை வைத்தாள். "நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுவேன். இன்னிக்கி ஐயா ஜெபத்துல மழைக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லல. ரெண்டு வருஷமா விட்டதே இல்ல. இன்னிக்கிதான் விட்டார். பாருங்க, சாவு விழுந்திடுச்சு!"

"அம்மா, அதெல்லாம் எதுக்கு இப்ப?" சிவாலே முகம் சிவந்தார்.

ஜெரே உள்ளே வந்தான். கையில் கைக்குட்டை சுற்றிய சின்னத் தகர டப்பா.

"சார்! கிடங்குல எலிக்கு வைக்கிற மருந்து. நலிஷெபோ மேடம் மேஜை டிராயர்ல இருந்திச்சு!"

ஹாபென்சு டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"கிடங்கு மருந்துப் பெட்டிச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட," என்றாள் நலிஷெபோ.

"வேற சாவி?"

"இல்ல."

"முதலாளி பக்கத்துல யார் உக்காந்திருந்தாங்க?"

"நான்தான்."

ஹாபென்சு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவளையே பார்த்தார்.

"உன் பேரு, முகம் எல்லாம் பாத்தா... லோசியா நீ?"

"மோங்குப் பக்கம். நீங்க டோங்காதானே? வரும்போதே மாட்டு வாசனை அடிச்சுது."

மாடு மேய்க்கும் டோங்கா இனத்துக்கும் வெள்ளக்கரை லோசி இனத்துக்கும் முறை! கேலிக்கு எல்லை கிடையாது. பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டும் விடமாட்டார்கள். ஹாபென்சுவின் மீசை தன்னை மீறித் துடித்தது.

"முறைக்காரியா! சரிதான். லோசிக்காரங்களுக்கு வெள்ளத்துல ஓடத்தான் தெரியும்னு நெனச்சேன். விஷம் வைக்கவும் தெரியுமோ?"

"டோங்காக்காரர் விசாரிக்க வந்தா, செத்தவரே எந்திரிச்சு ஒத்துக்கிட்டாத்தான் உண்டு."

"சிரிச்சுப் பேசறே. கப்வே ஜெயில்ல ஆயுசுக்கும் கம்பி எண்ணணும், தெரியுமில்ல?"

அவள் சிரிப்பு நின்றது.

"தெரியும். நாளைக்கு என் பொண்ணுக்குப் பன்னெண்டாம் வகுப்புப் பரீட்சை ஆரம்பம். ஹாஸ்டல்ல இருக்கா. இனோங்கேன்னு பேரு. அவளுக்கு என்னை விட்டா யாரும் இல்ல, முறைக்காரரே."

"புருஷன்?"

"போன மழைக்காலத்துல ரோட்டுல போயிட்டார். ஆபீஸ் கார் மோதி."

"யார் ஓட்டினது?"

"டிரைவருன்னு ரிப்போர்ட்ல இருக்கு. அந்த டிரைவரும் வேலையை விட்டுப் போயிட்டான்."

ஹாபென்சு நெற்றியைத் தேய்த்தார். சாவி அவளிடம். டப்பா அவளிடம். நாற்காலி முதலாளிக்குப் பக்கத்தில். போதாததற்கு ஆபீஸ் கார்! இவள் வாயைத் திறக்கத் திறக்க, கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன.

பானா கோம்பே குறுக்கே விழுந்தாள்.

"அவ பண்ணியிருக்க மாட்டா சார்! இவ இல்லேன்னா இந்தக் கம்பெனியில ஒரு காகிதம் நகராது. கல்யாண லீவுலேருந்து ஆக்ஸிடென்ட் ரிப்போர்ட்டு வரைக்கும் எல்லாம் இவ எழுதினதுதான். விஷம் வைக்கிறவ டப்பாவைத் தன் டிராயர்லயே வெச்சுக்குவாளா?"

"முட்டாளா இருந்தா வெச்சுக்குவா."

"இவ முட்டாள் இல்ல!"

"அப்ப கெட்டிக்காரியா இருந்தா வெச்சுக்குவா," என்றார் ஹாபென்சு. "நாலு மணிக்கு ஜீப் வரும். அதுக்குள்ள வேற ஏதாவது கெடைச்சாப் பாப்போம்."

* * *

கிடைத்தது ஒன்றுமில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சிபாட்டாவின் மதிப்பெண் ஃபாரம் கைபேசியில் வந்து விழுந்தது. முதல் மெஷின். 'ஜெபம் தெளிவு. ஒரே சீரான குரல். பத்துக்கு ஒன்பது.'

"வேற சத்தம் எதுவும் கேக்கலியா? கரண்டி, டப்பா மூடி?" ஹாபென்சு கேட்டார்.

"கேக்காது," என்றாள் நலிஷெபோ. "அது குரலைத் தவிர எல்லாத்தையும் முழுங்கிடும். அதனாலதான் அதைச் சிபாரிசு பண்ணலாம்னு இருந்தேன்."

"விஷம் கலந்த சத்தத்தையும் முழுங்கிடுச்சு!"

"அதுக்குத்தானே சார் அவ்வளவு விலை."

பன்னிரண்டரைக்குக் கசாமா. இரண்டாவது மெஷின். 'ஜெபம் தெளிவு. பத்துக்கு ஏழு.' அவ்வளவுதான்!

ஒரு மணிக்கு முதல் மெஷின் செத்தது. பச்சை விளக்கு சிவப்பாகி, அணைந்தது. இருபத்துநாலு மணி நேரம் என்று டப்பாவில் போட்டிருந்தது!

இரண்டரைக்கு இரண்டாவது மெஷினும் போயிற்று.

சிவப்பு விடும்புவா மட்டும் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. யாரும் வாங்காத மெஷின்.

பிணத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு, பானா கோம்பே ந்ஷிமாக் களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. தேநீரை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"முறைக்காரி," ஹாபென்சு தாழ்ந்த குரலில் சொன்னார். "ஏதாவது சொல்லு. பொய்யாவது சொல்லு. நாப்பது வருஷமா பொய்யைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்கறேன். நீ சும்மா உக்காந்திருக்கறது எனக்குப் பிடிக்கல."

"என்ன சொல்லி என்ன ஆகப்போகுது?"

"மோங்கு ஃபாரம் இன்னும் வரலியே?"

"வந்தா மட்டும்? அங்க இருக்கறவன் முபிதா. அவன் எழுதறதை எவன் படிப்பான்? விடுங்க."

மூன்று ஐம்பது.

வெளியே ஜீப் வந்து நின்ற சத்தம். ஜெரே விலங்கை எடுத்தான். அவள் கைகளை நீட்டினாள். சட்டைக் கையைக்கூட மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்!

அப்போது...

டிங்!

ஆபீஸ் கைபேசி.

"மோங்கு சார்!" ஜெரே எட்டிப் பார்த்தான். "ஃபாரம்!"

"வேணாம், விடுங்க. ஜீப் நிக்குது," என்றாள் நலிஷெபோ.

ஹாபென்சு கையை உயர்த்தினார். "படிறா."

ஜெரே தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான்.

"'மூன்றாவது மெஷின். மிக மோசம். ஜெபம் பண்ணுபவரின் குரல் நடுவில் தூரமாகப் போய், பிறகு கிட்டே வருகிறது. அவர் நடந்துகொண்டே ஜெபிக்கும் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஆறாவது நிமிடத்தில் தகர மூடி திறக்கும் சத்தம். கோப்பையில் கரண்டி மூன்று முறை தட்டுகிறது. இவ்வளவு இரைச்சலில் ஜெபத்தில் மனம் ஒன்றவில்லை. பத்துக்கு ஒன்று.'"

அறையில் ஈ பறந்தது. அது நிச்சயம் மோங்கு வரை கேட்டிருக்கும்!

ஒரு கொலையை, குறை என்று எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறான் மோங்குக்காரன்!

எல்லாத் தலைகளும் மெதுவாகத் திரும்பின.

சிவாலே!

கண்ணை மூடச் சொன்னவர். தான் மூடவேண்டிய கட்டாயம் இல்லாதவர். ஜெபம் பண்ணுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? கசோண்டே போனால் அந்த நாற்காலி யாருக்கு? நலிஷெபோவின் டிராயருக்கோ பூட்டே கிடையாது!

"நான்... நான் நகரவே இல்ல!" சிவாலே நெஞ்சில் அடித்துக்கொண்டார். "நின்ன இடத்துல நின்னேன்! கேளுங்க, இவங்களைக் கேளுங்க!"

"கண்ணை மூடியிருந்தோம் சார்," என்றார் ஒரு மேனேஜர்.

"நான் தூங்கிட்டிருந்தேன் சார்," என்றார் இன்னொருவர்.

"பானா கோம்பே! நீ சொல்லு!"

அவள் பின்னால் நகர்ந்தாள். "அதான் மழைக்கு ஜெபம் பண்ணலையா ஐயா? கவனம் கரண்டியில இருந்திச்சா?"

விலங்கு சிவாலேயின் கையில் ஏறியது. பிரசங்க பீடங்களை அதிரவைத்த அந்தப் பெரிய மனிதர், குழந்தைபோல விக்கி விக்கி அழுதார்.

நலிஷெபோ நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நான் போலாமா? கடைசி பஸ்ஸு அஞ்சு மணிக்கு. பொண்ணைப் பாத்துட்டு வந்திடறேன்."

"போலாம் முறைக்காரி!" ஹாபென்சு வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து முதல் சிரிப்பு. "ஒரு லோசிக்காரி தப்பிச்சது ஒரு டோங்காவாலன்னு ஊர் பூரா சொல்லணும்! ஒரே நிமிஷம். அந்த முபிதாகிட்ட ஒரு வாக்குமூலம் வாங்கிக்கறேன். வெறும் சம்பிரதாயம்."

"எதுக்கு முறைக்காரரே? அதான் எழுதிட்டானே."

"கோர்ட்டுல கேப்பாங்க. ஜெரே! எந்த மெஷின் உசுரோட இருக்கு?"

"சிவப்பு மட்டும்தான் சார்."

"என் போனை அதோட சேரு."

சிவப்பு விடும்புவா ஒருமுறை 'பீப்' என்றது.

* * *

"ஹலோ! முசேகேசே விதை, மோங்கு! விதைச்சாத்தான் வெள்ளாமை! யார் பேசறது?"

குரல் அத்தனை தெளிவு. முபிதா மேஜைக்கு அடியிலிருந்து பேசுகிறானோ என்று ஜெரே குனிந்தே பார்த்துவிட்டான்!

"லுசாக்காவுலேருந்து. மெஷின் டெஸ்டு விஷயமா," என்றார் ஹாபென்சு. "உங்க ஃபாரம் கெடைச்சுது. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க."

"நன்றி சார்! கடமை சார்!"

"எல்லாத்தையும் உங்க காதால கேட்டீங்க?"

"கேட்டேன் சார்! குரல் தூரமாப் போச்சு, கிட்ட வந்திச்சு, தகர மூடி, கரண்டி மூணு தடவை. ரொம்ப மோசம் சார். பத்துக்கு ஒண்ணு." ஒப்பிப்பது போல், ஒரே மூச்சில் வந்தது.

ஹாபென்சு போனை வைக்கப் போனார்.

கை பாதியில் நின்றது. நாற்பது வருடம் பொய்யைக் கேட்ட காது அது.

"நல்லது. ஐயா இன்னிக்கி எதுக்காக ஜெபம் பண்ணினாரு?"

"சார்?"

"ஜெபம். எதுக்காக?"

"மழைக்கு சார்."

சொட்... சொட்... யாரோ தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டிருந்தார்கள். இந்த முறையும் மேஜை விளிம்பு வரை ஓடியது.

"மழைக்கா?"

"எப்பவும் மழைக்குத்தானே சார் பண்ணுவாரு! நல்ல உருக்கமான ஜெபம்! எனக்கே கண்ணுல தண்ணி வந்திடுச்சு!"

"முபிதா. நான் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஹாபென்சு. இங்க ஒரு கொலை நடந்திருக்கு. நீ இன்னிக்கிக் காலையில பத்து மணிக்கு அந்த லைன்ல இருந்தியா?"

மெஷின் முபிதாவின் மூச்சைக்கூட விடாமல் அனுப்பியது. அது வேகமாகிக்கொண்டே போயிற்று.

"சார்... போலீஸா... ஐயோ சார், எனக்கு ரெண்டு பொண்டாட்டி சார்! நான் எந்த லைன்லயும் இல்ல சார்! விடிகாலையிலேருந்து இங்க கரண்டு இல்ல, டவரே செத்துப்போச்சு! மூணே முக்காலுக்குத்தான் உசுரு வந்திச்சு! வந்ததும் மொத வேலையா ஃபாரத்தை அனுப்பினேன்!"

"அப்ப யார் எழுதினது அதை?"

"மேடம்தான் சார்! எப்பவும் மேடம்தான் எழுதி அனுப்புவாங்க. நாங்க சீல் குத்துவோம். எங்க கிளையில எந்த ஃபாரத்தை நாங்க எழுதியிருக்கோம்? நேத்தி சாயங்காலம் நாலு மணிக்கே குத்திட்டேன் சார்! எவனாவது கேட்டா, எழுதியிருக்கறதைப் படிச்சு ஒப்பிக்கணும். அதுதான் சார் இங்க வழக்கம்!"

நேற்று!

கொலைக்கு முந்தின நாள்!

செருப்புச் சத்தம் நேற்றே கேட்டுவிட்டது. கரண்டி நேற்றே மூன்று முறை தட்டிவிட்டது. இருபது வருடமாக எந்த வேலையும் குறித்த நாளில் முடியாத அந்தக் கம்பெனியில், ஒரு நாள் முன்னதாக முடிந்த ஒரே வேலை அதுதான்!

ஜெரே சத்தமில்லாமல் சிவாலேயின் விலங்கைக் கழற்றினான். சிவாலே அழுகையை நிறுத்தவில்லை. இப்போது எதற்கு அழுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"சிபாட்டாவும் கசாமாவும்?" ஹாபென்சு அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"அதுங்களும் நான் எழுதினதுதான்."

"டப்பாவை உன் டிராயர்லயே வெச்சே. மொதல்ல நீ மாட்டணும். அப்புறம் மோங்கு ஃபாரம் வந்து உன்னைக் காப்பாத்தணும். ஒரு தடவை விடுவிச்சவளைப் போலீஸ் மறுபடி தொடாது."

"டோங்காக்காரருக்கு மூளை இருக்குன்னு யாரும் சொல்லலையே, முறைக்காரரே."

அவர் சிரிக்கவில்லை.

"ஏன்?"

அவள் கசோண்டேயின் நாற்காலியைப் பார்த்தாள். யாரோ அதன்மேல் சித்தெங்கே துணியைப் போட்டு மூடியிருந்தார்கள்.

"காரை ஓட்டினது அவர். குடிச்சிட்டு. என் புருஷனை ரோட்டோரத்துல... மறுநாள் காலையில என்னையே கூப்பிட்டு ரிப்போர்ட் எழுதச் சொன்னார். ஏன்னா, எல்லா ரிப்போர்ட்டையும் நான்தானே எழுதறேன்! எழுதலேன்னா வேலை போயிடும். பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா. ஓட்டினது டிரைவருன்னு எழுதினேன். என் புருஷன் குடிச்சிருந்தாருன்னு எழுதினேன். வாழ்நாள்ல ஒரு சொட்டு தொட்டவர் இல்ல அவர். மழை பெஞ்சு ரோடு வழுக்கிச்சுன்னு எழுதினேன்."

"போன வருஷம் மழையே பெய்யலியே!" என்றான் ஜெரே.

"ஆமா. ஊரே காஞ்சு கெடந்துச்சு. ரிப்போர்ட்ல மட்டும் மழை பெஞ்சுது. யாராவது படிச்சு, 'ஏம்மா, எங்க பெஞ்சுது மழை?'ன்னு ஒரு கேள்வி கேப்பாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். எவனும் கேக்கல. கீழ கையெழுத்துப் போட்டு மூடிட்டாங்க. யார் கையெழுத்துன்னு தெரியுமா முறைக்காரரே?"

ஹாபென்சுவின் கை தொப்பியைத் தேடியது. கிடைக்கவில்லை. தொப்பி கண்ணெதிரேதான் இருந்தது.

"உங்க கையெழுத்து. ஃபாரத்தை யாரும் படிக்க மாட்டாங்கன்னு எனக்குக் கத்துக்கொடுத்தது நீங்கதான். இன்னிக்கிப் பாத்துப் படிச்சிட்டீங்க."

வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான்.

விலங்கு, காலையிலிருந்து யாருக்காகக் காத்திருந்ததோ அந்தக் கைகளில் போய்ச் சேர்ந்தது. இந்த முறை அவளாக நீட்டவில்லை.

"ஒரே ஒரு உதவி. பரீட்சை மாசக் கடைசி வரைக்கும் இருக்கு. அது முடியற வரைக்கும் இனோங்கேகிட்ட யாரும் சொல்ல வேணாம். அம்மா மோங்குவுக்கு வேலையாப் போயிருக்கா, அங்க டவர் இல்லைன்னு... டவர் இல்லைன்னு சொல்லிடுங்க..."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. மேஜைமேல் தலையைச் சாய்த்தாள். காலையில் கசோண்டே சாய்ந்த அதே மேஜை. அழுகை சத்தமாக வரவில்லை. தொண்டைக்குள்ளேயே உடைந்தது. பக்கத்தில் நின்ற ஜெரேவுக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

"சொல்றேன்," என்றார் ஹாபென்சு. "பொய்தானே. நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்."

மேஜை நடுவில் சிவப்பு விடும்புவாவின் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யாரும் லைனைத் துண்டிக்கவில்லை!

"மேடம்?" என்றது மெஷின்.



"மேடம், முபிதாதான் பேசறேன்... மூணாவது மெஷினுக்குப் பத்துக்கு ஒண்ணுன்னு போட்டுட்டீங்களே, அது அநியாயம் மேடம்! நீங்க வாய்க்குள்ளயே அழறதுகூட இங்க அவ்வளவு தெளிவா கேக்குது... ஒன்பதுன்னு மாத்தி, இன்னொரு சீல் குத்தி அனுப்பட்டுமா?"